முனிரத்தினம் லைனுக்கு வந்த ஜன்னல்கள்

தள்ளி உட்காருவதென்றால் தாராளமாக உட்காருங்கள், அம்மா. எனக்கு வருத்தமில்லை. இருமலைக் கேட்டதும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டீர்களே, அதுவும் சரிதான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் அந்த ஜன்னலை மட்டும் சாத்தாதீர்கள். ரயில் கரி பறந்து கண்ணில் விழுந்தால் விழட்டும். கண்ணைக் கசக்கிக்கொள்ளலாம்.

அது என் அக்கா, தெபோராள். மருந்து குடித்துவிட்டுத் தூங்குகிறாள். இந்த இரைச்சலில் நாம் பேசுவது அவளுக்குக் கேட்காது. மலையடிவாரத்தில் மிஷன்காரர்கள் க்ஷயரோகத்துக்கென்று ஓர் ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார்கள், அங்கேதான் போகிறோம். இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கட்டிலை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நடுவில் எங்கேயாவது 'நான் வரமாட்டேன், திரும்பிப் போகிறேன்' என்று இறங்கிவிட்டாளானால் தீர்ந்தது கதை. இறங்கக்கூடியவள்தான். பார்த்தால் வாடின கீரை மாதிரி இருக்கிறாளே தவிர, பிடிவாதம் பிடித்தால் யானை கட்டி இழுக்க வேண்டும்.

எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அப்பாவும் அம்மாவும் பேதியில் போனபிறகு என்னை வளர்த்தது அவள்தான். கல்யாணம் பண்ணிக்கொண்டபோதுகூட, 'எப்சியும் கூட வருவாள், சம்மதமா?' என்று கேட்டுவிட்டுத்தான் கழுத்தை நீட்டினாள். அதனால் அவள் பிழைத்தாக வேண்டும். அவ்வளவுதான்.

நானா? எட்டாவது வரை படித்தேன். படிப்பு வராமல் நிற்கவில்லை. வாய் சும்மா இராமல் நின்றேன். சுகாதாரப் பாடம் நடந்தது. காற்று வராத வீடு சவப்பெட்டிக்குச் சமானம் என்று ஆசீர்வாதம் டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தாள். எப்படிச் சொன்னாள் தெரியுமா? தெருப்புழுதி புடவையில் படுமென்று வகுப்பு ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டுச் சொன்னாள். "அப்ப நாம இப்ப எதுக்குள்ள இருக்கோம் டீச்சர்?" என்று கேட்டேன். மன்னிப்புக் கேள் என்றார்கள். எதற்குக் கேட்க வேண்டும்? புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வாயில் ஒன்று, காரியத்தில் ஒன்று என்று இருக்கிறவர்களைக் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

எங்கள் அத்தான் சாமிதாஸுக்கு ரயில் பட்டறையில் சம்மட்டி அடிக்கிற வேலை. பட்டறையில் அத்தனை சத்தம் போடுகிற ஆள் வீட்டுக்கு வந்தால் பேசுகிற ஒரே வார்த்தை 'உஷ்'. நான் வாய் திறந்தால் உஷ். பக்கத்து வீட்டில் சண்டை என்றால் உஷ். சோற்றில் கல் என்று சொன்னால்கூட உஷ்.

பட்டறைக்குப் பின்னால் முனிரத்தினம் மேஸ்திரியின் லைன். ஒரே கூரை, வரிசையாகப் பத்து அறை, அறைக்கு ஒரு குடும்பம். பின்சுவர் அடுத்த லைனுக்கும் பின்சுவர். முன்னால் ஒரு கதவு, குனிந்து போக வேண்டும். அவ்வளவுதான் வீடு. கதவைச் சாத்தினால் பகலில் விளக்கு வேண்டும். அடுப்பு மூட்டினால் நாங்கள் கருவாடு. மேஸ்திரியைக் கேட்டால், "புகை நல்லதும்மா, கொசு வராது" என்பார். அவருடைய வீட்டில் கொசுவுக்கு என்ன பண்ணினார் என்று கேட்டேன். அத்தான் உஷ் என்றார்.

போன மாசிக்குச் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். சாரங்கபாணி என்று பெயர். குடை, அங்கவஸ்திரம், கையில் பிரம்பு. கஸ்தூரி வைத்த கைக்குட்டை ஒன்று. அவர் மகா ஆசாரம். எங்கள் வாசற்படியை மிதித்தால் வீட்டுக்குப் போய்த் தலை முழுக வேண்டுமாம். ஆகையால் படியேறவே மாட்டார். லைன் முனையில் கல்மேல் நின்றுகொண்டு பிரம்பை நீட்டி நீட்டிச் சோதனை போடுவார். "அது என்ன அறை? எத்தனை பேர்? சாக்கடை எங்கே போகிறது?" என்று அங்கிருந்தே கேள்வி. சேவகன் ஓடி வந்து எங்களைக் கேட்டு ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும். வீட்டைச் சோதிக்க வந்தவர் வீட்டுக்குள் வரமாட்டார்! இவருக்கு ஒரு உத்தியோகம்.

கடைசியில் உத்தரவு போட்டார். மனுஷர் குடியிருக்கிற ஒவ்வொரு அறைக்கும் தெருப்பக்கம் ஒரு ஜன்னல் வேண்டும். இல்லாவிட்டால் லைனை மூடிவிடுவார்களாம். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு, "வெச்சிடலாம் சாமி, பேஷா வெச்சிடலாம்" என்றார்.

வைத்தார். அதைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

எங்கேயோ ஒரு துரை பங்களாவை இடித்திருக்கிறார்கள். அந்த ஜன்னல்களையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆளுயர ஜன்னல். சாய்வாகப் பலகை அடித்த பச்சைக் கதவு. எங்கள் வாசற்கதவைவிடப் பெரிது. மண் சுவரை உடைத்தால் கூரை உட்கார்ந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் சுவரை உடைக்கவில்லை. சட்டத்தை அப்படியே வெளிச்சுவரில் சாய்த்து, ஆணி அடித்து, சுற்றிலும் சுண்ணாம்பு பூசிவிட்டார். கதவு திறந்துவிடாமல் இருக்கத் திருகாணி போட்டு முடுக்கிவிட்டார். பத்து அறைக்கும் பத்து ஜன்னல். உள்ளே வந்து பார்த்தால் பழையபடி வெறும் சுவர்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கல்மேல் நின்றார். பிரம்பை நீட்டினார். "பேஷ்" என்றார். போய்விட்டார்.

இதில் எனக்கு மேஸ்திரிமேல்கூட அவ்வளவு கோபமில்லை. அவர் திருடர், திருடர் வேலையைச் செய்தார். எங்கள் லைன்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்ன சொல்ல? சந்தோஷப்பட்டார்கள், அம்மா! "பங்களா ஜன்னல்" என்று பக்கத்து லைன்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அதில் சட்டை உலர்த்தினார்கள். அடுத்த அறைப் பச்சையம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். ஜன்னலுக்கு! அதுவும் திறக்காத ஜன்னலுக்கு!

"அது பின்னால சுவருதானே இருக்கு, அதுக்கு எதுக்குப் பொட்டு?" என்று கேட்டேன்.

"இருந்தா இருந்துட்டுப் போவட்டும்டி. பார்க்க லட்சணமா கீதில்ல?"

"காத்து வருமா?"

"காத்து வேணும்னா வாசல்ல குந்து. நெசமா ஓட்டை போட்டா போறவன் வர்றவன் கண்ணெல்லாம் சோத்துல விழும். நாம துன்னறது கூழா கஞ்சியான்னு ஊருக்குத் தெரியணுமா?"

இதுதான் அவள் அறிவு. எழுதப் படிக்கத் தெரியாது. மில்லில் வேலை செய்கிற ஒரு மகன், தாலியறுத்த ஒரு மகள், இவளுக்கு நாள் முழுதும் வாய்நிறைய வெற்றிலை. அக்கா படுத்தபிறகு இவள் தொந்தரவு தாங்க முடியவில்லை. விடிந்தால் கஞ்சிச் சட்டியோடு வந்து நிற்பாள். துப்புகிற மண்சட்டியை நான் கழுவப் போவதற்குள் இவள் கழுவிக் கவிழ்த்திருப்பாள். தலை வாரிவிடுகிறேன் என்று மடியில் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நோயாளியைச் சிரிக்க வைத்தால் இருமல் வரும் என்று சொன்னால் கேட்க மாட்டாள்.

மிஷன் டாக்டரம்மா அக்காவின் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்கள். "காற்று. மருந்தைவிட இவளுக்குக் காற்றுதான் முக்கியம். உங்கள் அறையில் ஜன்னல் உண்டா?"

அக்கா, "உண்டு டாக்டரம்மா" என்றாள். பொய்யில்லையாம்! உண்டுதானே என்கிறாள்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே கத்தியிருப்பேன். அத்தான் உஷ் என்றார்.

வீட்டுக்கு வந்து, "நம்ம அறைக்கு மட்டுமாவது சுவரை உடைக்கலாம்" என்றேன். அத்தான் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். மேஸ்திரியிடம் போனேன். "உன் ஒருத்திக்காகக் கூரையை இறக்கச் சொல்றியா பாப்பா? பிடிக்கலேன்னா வேற இடம் பாரு" என்றார். பச்சையம்மாள் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்.

"எப்சி, கையெடுத்துக் கும்பிடறேன், இத்த விட்டுடு. இது பொய் சன்னலுன்னு வெளிய தெரிஞ்சுதுன்னா சன்னலா வைப்பான்? லைனையே இடிச்சுப்புடுவான். அப்பால பத்துக் குடும்பமும் எங்கேடி போவும்?"

"எங்கேயாவது காத்து வர்ற இடத்துக்கு" என்றேன்.

"பேசறே. வயசு அப்படி" என்றாள்.

வயசுக்கும் இதற்கும் என்ன? உண்மை என்றால் உண்மை. பயந்தாங்கொள்ளிகளுக்கு எப்போதும் யாராவது ஒருவரின் வயசு சாக்காகக் கிடைத்துவிடும்.

அப்புறம் பெரிய துரை வருகிறார் என்று பேச்சு அடிபட்டது. இன்ஸ்பெக்டருக்கெல்லாம் மேலான சுகாதார ஆபீசர். நம் சாரங்கபாணி தன் வட்டாரத்தில் எவ்வளவு சீர்திருத்தம் நடந்திருக்கிறது என்று காட்டுவதற்கு எங்கள் லைனைத்தான் பொறுக்கி எடுத்தார். மேஸ்திரி ஜன்னலுக்கெல்லாம் புதுசாகப் பச்சை வர்ணம் அடித்தார். மாவிலை கட்டினார். பச்சையம்மாள் கோலம் போட்டாள்.

அன்றைக்குக் காலையில் நான் அத்தானின் பையிலிருந்து திருப்புளியை எடுத்தேன். எல்லோரும் லைன் முனையில் மாலையும் கையுமாக நிற்கிறார்கள். நான் எங்கள் ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் பச்சை வர்ணம்.

துரை வந்தார். சாரங்கபாணி கல்மேல் நின்று பிரம்பை நீட்டி இங்கிலீஷில் விளாசுகிறார். பத்து அறை, பத்து ஜன்னல், எல்லாம் இவருடைய முயற்சி. துரை தலையை ஆட்டிக்கொண்டே திரும்பப் போனார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். "சார்! நோ விண்டோ! வால், சார், வால்!"

கதவு இரண்டையும் படாரென்று திறந்தேன். உள்ளே சுண்ணாம்புச் சுவர். அதில் ஒரு பல்லி. வெளிச்சம் பட்டதும் அது எங்கே போவதென்று தெரியாமல் சட்டத்துக்குள்ளேயே நாலு பக்கமும் ஓடிற்று.

துரை முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கிட்டே வந்து சுவரைத் தடியால் தட்டினார். முகம் சிவந்தது. குனிந்து எங்கள் அறைக்குள் நுழைந்தார். அந்த லைனுக்குள் கால் வைத்த முதல் உத்தியோகஸ்தர் அவர்தான், அதைச் சொல்லியாக வேண்டும். போன வேகத்தில் வெளியே வந்துவிட்டார், அதையும் சொல்லியாக வேண்டும். அக்கா இருட்டில் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டிருக்கிறாள். அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டே என்னவோ சொன்னார். சாரங்கபாணி வியர்த்துக்கொண்டே எழுதினார்.

ஜன்னல் வைக்கச் சொல்வார் என்று நினைத்தேன். இல்லை. மனுஷர் வாசத்துக்கு லாயக்கில்லை. பத்துக் கதவிலும் தாரால் அடையாளம் போட்டார்கள். ஆடி பிறப்பதற்குள் காலி பண்ண வேண்டும். பிறகு கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். பச்சையம்மாள் பானைகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து வெயிலில் வைத்தாள். என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். திட்டவில்லை. அப்படியொரு ஜனம்.

வேடிக்கையைக் கேளுங்கள். சாரங்கபாணிக்கு உத்தியோகம் உயர்ந்துவிட்டது. லாயக்கில்லாத லைன் ஒன்றை ஒழித்தார் என்று பேர். மேஸ்திரி அந்த இடத்தை மாட்டு வண்டிக்காரர்களுக்குக் கொட்டகை போட விட்டுவிட்டார். மாட்டுக்கு ஜன்னல் கேட்கிறவர் யார்? அவரும் க்ஷேமம்.

நாங்கள் பத்துக் குடும்பமும் கால்வாய்க் கரைக்குப் போனோம். நாலு கம்பு நட்டு, பனையோலை போட்டு, மறைவுக்குக் கிழிந்த சாக்கு. காற்றுக்கு ஒரு குறையுமில்லை. நாலு பக்கமும் காற்று. டாக்டரம்மா கேட்டது அதைத்தானே? ஆனால் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் படுத்து அக்காவுக்கு இரத்தம் வர ஆரம்பித்தது. ஓலையைச் சரியாக வேயத் தெரியவில்லை அத்தானுக்கு. சம்மட்டி அடிக்கிற கைக்கு வேறென்ன தெரியும்? இதற்கும் என்னைத்தான் பார்த்தார்கள் எல்லோரும். நானா மழையைக் கூப்பிட்டேன்?

கரையில் எனக்குப் பேர் 'ஜன்னல்காரி'. தண்ணீர் எடுக்கப் போனால், "வழி விடுங்கடி, சன்னல்காரி வர்றா" என்பார்கள். பச்சையம்மாள் மட்டும் அப்படிக் கூப்பிடவில்லை. என்னோடு பேசவேயில்லை. ஆனால் கஞ்சிச் சட்டியோடு வருவது நிற்கவில்லை. மழையில் தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு வருவாள். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் குடிசைக் கம்பைப் பார்த்துச் சொல்லுவாள். "எம்மா கம்பு, அவ காலுக்கு ஒரு துணி போர்த்தச் சொல்லு." இரவில் அக்காவுக்கு மூச்சு வாங்கினால் அவளைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் இருக்கிறேனே பக்கத்தில். இவள் எதற்கு?

டாக்டரம்மா எழுதிப்போட்டு, மலையடிவாரத்தில் ஒரு கட்டில் கிடைத்தது. கூட ஒரு பெண்பிள்ளை இருந்து பொங்கிப் போடலாம் என்றார்கள். நான் மூட்டையைக் கட்ட ஆரம்பித்தேன்.

அக்கா, "பச்சை வந்தா போறேன்" என்றாள்.

"எந்தப் பச்சை?"

"எத்தனை பச்சை இருக்கு? பச்சையம்மா."

"நான் வரேனே அக்கா."

"நீ நாள் முழுக்கக் காத்தைப் பத்தியே பேசுவே, எப்சி" என்றாள். "எனக்குப் பயமா இருக்கு. அவ இருந்தா எனக்குப் பயமில்லே. அவ வரலேன்னா நான் இங்கேயே கிடக்கறேன்."

நீங்களே சொல்லுங்கள். படித்தவள் நான், கூடப்பிறந்தவள் நான். இவளைப் பிழைக்க வைக்க ஒரு லைனையே எதிர்த்து நின்றவள் நான். ஜன்னலுக்குப் பொட்டு வைத்தவள் வேண்டுமாம்!

போனேன். கூச்சப்படாமல் போய்க் கேட்டேன். பச்சையம்மாள் ஓலை முடைந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"வர ஆசை இல்லைன்னு நெனச்சியா? நான் அங்க போய்க் குந்தினா, இந்த நாலு கம்பைப் புடுங்கி எறிஞ்சுட்டு வேற ஒருத்தன் வந்து குந்துவான். கரையில இடம் புடிக்க எத்தனை பேரு அலையறான் பார்த்தியா? மவன் மில்லுக்குப் போயிடுவான், மவ ஒண்டி. சுவரு இருந்துது, பூட்டிட்டு வந்திருப்பேன். இப்ப எத்தப் பூட்டறது?" என்றாள். கொஞ்ச நேரம் ஓலையை முடைந்தாள். "தெபோராகிட்ட நான் வரமாட்டேன்னு சொல்லாதே. உடைஞ்சு பூடுவா. வேற ஏதாவது சொல்லு."

நாலு கம்புக்காக! ஒரு உயிரைவிட நாலு மூங்கில் கம்பு பெரிதாகப் போய்விட்டது. அந்த ஜனங்களின் புத்தி அவ்வளவுதான், நான் என்ன செய்ய?

காலையில் அத்தான் அக்காவைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். அவருக்கு லீவு இல்லை, வண்டி புறப்படுவதற்குள் பட்டறைச் சங்கு ஊதிவிடும். அக்கா பெட்டிக்குள் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பச்சை எங்கே? பச்சை எங்கே?" ஸ்டேஷன் பூரா வேடிக்கை பார்க்கிறது. கார்டு கொடியை எடுத்துவிட்டான். அத்தான் என்னைப் பார்த்தார். உஷ் என்றுகூடச் சொல்லவில்லை, பார்த்தார்.

"அவ ஏறிட்டா" என்றேன். "பின்னால பெட்டியில இடம் கிடைச்சுது, ஏறிட்டா. ஏறு நீ."

உடனே ஏறினாள், அம்மா. சிரித்துக்கொண்டே ஏறினாள். நான் கொடுத்த மருந்தை முகம் சுளிக்காமல் குடித்தாள்.

இந்த வண்டியில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போக வழி கிடையாது, அது ஒரு நல்ல காரியம். ஆனால் இப்போது ஜங்ஷன் வருகிறது. வெகுநேரம் நிற்கும். பச்சையைக் கூப்பிடு, பார்க்க வேண்டும் என்பாள். நான் சொன்னால் இரண்டாவது தடவை நம்பமாட்டாள், என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். நீங்கள் பெரியவர்கள், முன்பின் தெரியாதவர்கள். நீங்கள் சொன்னால் நம்புவாள்.

நீங்கள் இறங்கித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாருங்கள். வந்து, பின் பெட்டியில் பார்த்தேன் என்று சொல்லுங்கள். கட்டை குட்டையாக, கறுப்பாக, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. அரக்குச் சேலை, முந்தானையில் ஒட்டுப் போட்டிருக்கும். வாயில் வெற்றிலை, அதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள், வெற்றிலை இல்லாவிட்டால் அவள் இல்லை. கூட்டத்தில் இறங்கினால் இடம் போய்விடுமென்று குந்தியிருக்கிறாள், கஞ்சி குடித்தாயா என்று கேட்கச் சொன்னாள் என்று சொல்லுங்கள். அப்படித்தான் கேட்பாள். அக்காவுக்குச் சந்தேகமே வராது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

வண்டி நிற்கிறது. கண்ணைத் திறந்துவிட்டாள் பாருங்கள். தேடுகிறாள்.

போங்கள் அம்மா, சொம்பை எடுத்துக்கொண்டு சீக்கிரம் இறங்குங்கள்.